பாட்டும் பூட்டும்

இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் எந்த ஊரில் தொடங்கப்பட்டது தெரியுமா? சென்னையும் இல்லை, டில்லியும் இல்லை. 1984-இல், நம் நாகர்கோவிலில். ஒரு பக்கம் திருவனந்தபுரம், இன்னொரு பக்கம் திருநெல்வேலி, கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை வானொலி என்று மூன்று திசையிலிருந்தும் பாட்டு கேட்டுப் பழகியிருந்த நாஞ்சில் நாட்டுக்குப் பண்பலையில் சொந்தமாக ஒரு நிலையம் கிடைத்தது.

அதைக் கேட்க என்ன வேண்டியிருந்தது? பண்பலை உள்ள ஒரு ரேடியோ. அவ்வளவுதான். கடையில் வாங்கிய பிலிப்ஸ் ஆனாலும் சரி, வளைகுடாவிலிருந்து மாமா கொண்டு வந்த டூ இன் ஒன் ஆனாலும் சரி, உள்ளூர் மெக்கானிக் பாகங்களை வாங்கிச் சேர்த்துக் கொடுத்த செட் ஆனாலும் சரி, எல்லாவற்றிலும் அதே பாட்டுதான் வந்தது. நிலையத்துக்கும் ரேடியோ செய்த கம்பெனிக்கும் நடுவே எந்த ஒப்பந்தமும் கிடையாது. (பண்பலையைக் கண்டுபிடித்த எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1933-இல் காப்புரிமை பெற்றார். ஆர்சிஏ நிறுவனத்தோடு வழக்காடியே நொந்துபோய் 1954-இல் இறந்தார். நாகர்கோவிலுக்குப் பண்பலை வந்தபோது அந்தக் காப்புரிமைகள் காலாவதியாகிப் பல காலம் ஆகியிருந்தது.)

இதில் என்ன பெரிய அதிசயம் என்று தோன்றலாம். அடுத்த கால் நூற்றாண்டில் பாட்டு கேட்பவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தால்தான் அந்த ரேடியோவின் அருமை புரியும்.

பாட்டையும் அதை ஒலிக்கவைக்கும் கருவியையும் ஒன்றோடொன்று கட்டிப் போடும் வித்தை கணினியோடு வந்ததல்ல. கிராமபோன் காலத்திலேயே அது இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்எம்வி போன்றவர்களின் இசைத்தட்டில் ஊசி பக்கவாட்டில் அசையும். பிரான்சின் பாத்தே நிறுவனத்தின் தட்டில் ஊசி மேலும் கீழும் அசையும். அதற்கு எஃகு ஊசி ஆகாது, நீலக்கல் பதித்த முனை வேண்டும். அது மட்டுமல்ல, பாத்தே தட்டுகள் பல நடுவிலிருந்து தொடங்கி வெளியே வரும்! கல்கத்தாவில் எச். போஸ் என்பவர் பாத்தேயோடு சேர்ந்து இந்தியப் பாடல்களை இந்த வகைத் தட்டில் வெளியிட்டார். வீட்டில் எச்எம்வி பெட்டி வைத்திருந்தவருக்கு அந்தத் தட்டால் பயன் இல்லை. கடைசியில் பாத்தேயும் பக்கவாட்டு முறைக்கே வந்து சேர்ந்தது.

இதற்கு நேர் எதிரான கதை கேசட்டுடையது. பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் பெர்லின் கண்காட்சியில் கேசட்டை அறிமுகப்படுத்தியது. ஜெர்மனியில் கிரண்டிக் வேறு ஒரு வகையைக் கொண்டு வந்தது, அமெரிக்காவில் எட்டுத் தடக் கேசட் ஓடியது. பிலிப்ஸ் என்ன செய்தது? சோனி போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் நெருக்கவே, உரிமத் தொகை வாங்காமல் யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டது. ஒரே நிபந்தனை, அளவும் வேகமும் மாறக் கூடாது. உலகத்தில் எந்தக் கேசட்டும் எந்த டேப் ரெக்கார்டரிலும் ஓடியதற்கு இதுதான் காரணம்.

நாஞ்சில் நாட்டில் இதன் பலன் சினிமாப் பாட்டோடு நிற்கவில்லை. வில்லுப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் கொடையில் முத்துப்பட்டன் கதையோ சுடலைமாடன் கதையோ இரவு முழுக்க நடக்கும். ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டைப் பட்டணத்து மேடை வரை கொண்டு போனார். ஆனால் 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிடம்தான் கொள்ளும். மூன்று நிமிடத்தில் காப்புப் பாடக்கூட நேரம் போதாது. 60 நிமிடக் கேசட், 90 நிமிடக் கேசட் வந்த பிறகுதான் ஒரு கதையை ஓரளவு முழுதாகப் பிடித்து வைக்க முடிந்தது. அதற்கு எச்எம்வியின் தயவு தேவைப்படவில்லை. மைக் செட்காரரிடம் ஒரு ரெக்கார்டர் இருந்தால் போதும். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் குமரி மாவட்டத்து வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988-இல் ஒரு நூலே வெளியிட்டார். அப்படிப்பட்ட ஆய்வுக்கும் ஒலிநாடாதான் ஆதாரம்.

இனி இணையத்துக்கு வருவோம்.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ராப் கிளேசர் என்பவரின் நிறுவனம் ரியல் ஆடியோவை வெளியிட்டிருந்தது. ஒலிக்கோப்பை முழுதாக இறக்கிக் காத்திருக்காமல், வர வரக் கேட்கலாம் என்பதுதான் அதன் புதுமை. அந்த நிறுவனமே பிறகு ரியல்நெட்வொர்க்ஸ் ஆனது.

அந்தக் காலத்து வேகத்தை இன்று சொன்னால் சிரிப்பு வரும். ஐந்து நிமிடப் பாட்டை 128 கிலோபிட் எம்பி3 ஆக வைத்தால் 5 எம்பிக்குச் சற்றுக் குறைவு. 56கே மோடத்தில் நிஜத்தில் 40 கிலோபிட் கிடைத்தால் பெரிய விஷயம். அந்தப் பாட்டை இறக்க 16 நிமிடம் ஆகும், நடுவில் போன் கட் ஆகாமல் இருந்தால்! ரியல் ஆடியோவோ 20 கிலோபிட்டிலேயே பாடிவிடும். தகர டப்பாவுக்குள் இருந்து பாடுவது போல இருக்கும், ஆனால் சொடுக்கிய சில விநாடிகளில் பாடும். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுப்பவருக்கு எது நல்லது என்று சொல்லத் தேவையில்லை. ஆக ரியல் ஆடியோ சும்மா வந்து ஒட்டிக்கொண்ட பொருள் அல்ல. அன்றைய தேவைக்கு அதைவிட நல்ல விடை இல்லை. இதைச் சொல்லாமல் அதைத் திட்டுவது நியாயம் ஆகாது.

ராகா, மியூசிக் இந்தியா ஆன்லைன் போன்ற தளங்கள் வெளிநாட்டுத் தமிழர்களையும் உள்ளூர்க் கல்லூரி மாணவர்களையும் ஒரு சேரப் பிடித்து வைத்திருந்தது இந்த முறையில்தான். இளையராஜாவின் பழைய படப் பெயர் ஒன்றைத் தேடி, பாட்டுகளுக்கு நேராக டிக் அடித்து, பொத்தானை அமுக்கினால் ரியல் பிளேயர் திறக்கும். பிறகு அந்தப் புகழ்பெற்ற சொல், 'பஃபரிங்'.

தளத்திலிருந்து இறங்குவது பாட்டு அல்ல, ராம் என்று முடியும் ஒரு சின்னக் கோப்பு. நோட்பேடில் திறந்து பார்த்தால் ஒரே ஒரு வரி, சர்வரின் முகவரி மட்டும் இருக்கும். அந்த முகவரியிலிருந்து பாட்டு வரும் பாதைக்கு ஆர்டிஎஸ்பி என்று பெயர். அது 1998-இல் வெளிப்படையான இணையத் தரமாகவே அறிவிக்கப்பட்டது. ரோடு எல்லோருக்கும் பொது. ஆனால் ரோட்டில் போன லாரிக்குள் என்ன இருக்கிறது, எப்படி அடுக்கியிருக்கிறது என்பது ரியல்நெட்வொர்க்ஸ் மட்டும் அறிந்த ரகசியம். எனவே கேட்க வேண்டுமானால் அவர்களின் பிளேயர்தான் வேண்டும். ஒலிபரப்ப வேண்டுமானால் அவர்களின் சர்வர் மென்பொருள் வேண்டும். ஒரே நேரத்தில் கேட்பவர் எண்ணிக்கை ஓர் அளவைத் தாண்டினால் அதற்குப் பணமும் கட்ட வேண்டும்.

தமிழ் இணையத்தில் அப்போது இருந்தவர்களுக்கு இது பழகிய தலைவலிதான். ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு எழுத்துரு, அந்த எழுத்துரு இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும். படிக்க ஒரு பூட்டு, கேட்க ஒரு பூட்டு. எழுத்துப் பூட்டை யூனிகோட் வந்து திறந்தது. பாட்டுப் பூட்டு அவ்வளவு எளிதாகத் திறக்கவில்லை.

பூட்டோடு வேறு சில தொல்லைகளும் சேர்ந்து வந்தன. இலவசப் பதிப்பின் சுட்டி பக்கத்தின் எந்த மூலையில் இருக்கிறது என்று தேட வேண்டும். நிறுவிய பிறகு கணினியில் உள்ள எல்லா ஒலிக்கோப்பையும் தானே திறப்பேன் என்று அடம் பிடிக்கும். கேட்காமலே விளம்பரச் செய்தி காட்டும். 1999-இல் இதைவிடப் பெரிய விஷயம் வெளியே வந்தது. அதே நிறுவனத்தின் ரியல் ஜூக்பாக்ஸ், யார் என்ன பாட்டு கேட்கிறார்கள் என்ற தகவலை, ஒவ்வொரு கணினிக்கும் ஓர் அடையாள எண்ணோடு, சத்தமில்லாமல் தலைமையகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அம்பலமானதும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, அதை நிறுத்தும் திருத்தத்தையும் வெளியிட்டது. 2008 ஜனவரியில் ஸ்டாப்பேட்வேர் என்ற அமைப்பு, ரியல் பிளேயரின் இரண்டு பதிப்புகளைத் தீய மென்பொருள் பட்டியலில் சேர்த்தது.

சரி, பிடித்த பாட்டைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாமா? ஸ்ட்ரீம்பாக்ஸ் என்ற சிறு நிறுவனம் அதற்கு ஒரு மென்பொருள் செய்தது. 1999 டிசம்பரில் ரியல்நெட்வொர்க்ஸ் வழக்குப் போட்டது. 2000 ஜனவரியில் சியாட்டில் நீதிமன்றம் அந்த மென்பொருளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. பூட்டை உடைக்கும் கருவியை விற்பதே குற்றம் என்ற அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் பயன்பட்ட ஆரம்ப வழக்குகளில் அதுவும் ஒன்று. ரேடியோவில் வரும் பாட்டைக் கேசட்டில் பிடித்து வைத்தவரை யாரும் கேட்டதில்லை. இணையத்தில் அதே காரியத்துக்கான கருவி நீதிமன்றம் ஏறியது. (காலத்தின் வேடிக்கை பாருங்கள். 2008-இல் இதே ரியல்நெட்வொர்க்ஸ் டிவிடியை நகலெடுக்கும் மென்பொருளை வெளியிட்டது. ஹாலிவுட் நிறுவனங்கள் வழக்குப் போட, 2009-இல் அதற்கும் தடை வந்தது!)

தளங்கள் பிறகு மெல்ல ஃபிளாஷுக்கு மாறின. அதுவும் ஒரே நிறுவனத்தின் சொத்துதான். 2020 டிசம்பர் 31-உடன் அதன் ஆயுளும் முடிந்தது.

ரியல் பிளேயராவது இலவசம். காசு கொடுத்து வாங்கியவர்களின் கதை இன்னும் வருத்தமானது. அதற்கு வானத்தைப் பார்க்க வேண்டும்.

நோவா சமாரா என்ற எத்தியோப்பியாவில் பிறந்த வழக்கறிஞர் 1990-இல் வேர்ல்ட்ஸ்பேஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஏழை நாடுகளுக்குச் செயற்கைக்கோள் வழியே வானொலி கொடுப்பது அவர் கனவு. ஆப்பிரிக்காவுக்கு 1998-இல் ஒரு செயற்கைக்கோள் போனது. ஆசியாவுக்கான ஏசியாஸ்டார் 2000 மார்ச்சில் ஏவப்பட்டது. தென்கிழக்கு ஆசியாவுக்கு நேர் மேலே, 105 டிகிரி கிழக்கில் அதன் இருப்பிடம். நாகர்கோவிலில் இருப்பவர் தட்டு போன்ற அந்தச் சின்ன ஆன்டெனாவைக் கிழக்கே, சற்றுத் தெற்காகத் திருப்பி, வானத்தில் பாதி உயரத்துக்கு மேல் பார்க்கும்படி சாய்த்து வைக்க வேண்டும். மொட்டை மாடியில் வைத்தால் தொல்லையே இல்லை.

பலன் பெரிது. தமிழுக்குக் கேஎல் ரேடியோ. கர்நாடக இசைக்கு என்றே ஸ்ருதி என்ற சானல், 24 மணி நேரமும். டிசம்பர் கச்சேரிக்குச் சென்னை போக முடியாதவர், தோவாளையிலோ தக்கலையிலோ வீட்டில் உட்கார்ந்து விளம்பரம் இல்லாமல் ஆலாபனை கேட்கலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஏ.ஆர். ரஹ்மானே விளம்பரத் தூதராக வந்தார். ஆரம்பத்தில் திறந்தே இருந்த சானல்கள் பிறகு பூட்டப்பட்டு, ஆண்டுச் சந்தா வந்தது. இந்தியாவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் சந்தாதாரர் ஆனார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வேர்ல்ட்ஸ்பேஸ் ஒலியைச் சுருக்கப் பயன்படுத்தியது ரகசியமான எதையும் அல்ல. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வகம் முன்னின்று உருவாக்கிய அதே எம்பி3 குடும்பம்தான். எல்லோரிடமும் உள்ள வடிவம். ஆனால் அதைச் சுற்றியிருந்த அலைவரிசை, அடுக்குமுறை, சிப், சந்தாச் சாவி எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில். அந்த ரிசீவரில் நாகர்கோவில் பண்பலை வராது, சாதாரண ரேடியோவில் ஸ்ருதி வராது.

2008 அக்டோபரில் தாய் நிறுவனம் அமெரிக்காவில் திவால் மனு கொடுத்தது. 2009 டிசம்பர் 31-உடன் இந்தியச் சேவை நின்றது. ஆறு மாதச் சந்தா மீதி வைத்திருந்தவர், போன வாரம் ரிசீவர் வாங்கியவர், எல்லோருக்கும் ஒரே நாள். செயற்கைக்கோள் அங்கேயேதான் இருந்தது, ரிசீவரும் கெட்டுப்போகவில்லை, ஆன்டெனாவும் கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. பாட்டு மட்டும் இல்லை. மின்விசிறி ஓடவில்லை என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஓடாத விண்வெளி வானொலிக்கு டெலவேர் திவால் நீதிமன்றம் வரை யார் போவது?

மேல்நாடுகளில் இதே பிரச்சினை ஐபாடை வைத்து நடந்தது. ஐட்யூன்ஸ் கடையில் வாங்கிய பாட்டு மற்றவர்களின் பிளேயரில் ஓடாது என்று நார்வேயின் நுகர்வோர் அமைப்பு 2006-இல் புகார் செய்தது. ஆப்பிள் 2009-இல் பாட்டுகளின் பூட்டை எடுத்தது. யாஹூ தன் பாட்டுக்கடையை 2008-இல் மூடியபோது சாவி கொடுக்கும் சர்வரும் சேர்ந்து மூடப்படும் என்று தெரிந்து வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். இந்தக் கதைகள் ஆங்கிலத்தில் ஏராளமாகக் கிடைக்கும், இங்கே நீட்ட வேண்டாம்.

நம் நாட்டிலேயே இரண்டு கடைகள் மூடிய விதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஃபிளிப்கார்ட் 2012 பிப்ரவரியில் ஃபிளைட் என்ற பாட்டுக்கடையைத் தொடங்கியது. பூட்டு இல்லாத எம்பி3, தமிழ்ப் பாட்டும் உண்டு. இலவசமாக இறக்கிப் பழகிய ஊரில் காசு கொடுத்து யார் வாங்குவார்? 2013 ஜூனில் கடை மூடப்பட்டது. வாங்கியதை இறக்கிக்கொள்ள அவகாசம் கொடுத்தார்கள். அன்று இறக்கியவரின் பாட்டு இன்றும் பாடும். அடுத்தது ஏர்டெல்லின் விங்க் மியூசிக். 2014-இல் தொடங்கி, குமரி மாவட்டத்து பஸ்களில் எத்தனையோ காதுகளில் ஒலித்த செயலி. 2024-இல் அதுவும் மூடப்பட்டது. அதில் 'டவுன்லோட்' செய்து வைத்திருந்த பாட்டுகள் அந்தச் செயலிக்குள் மட்டுமே ஓடுபவை. செயலி போனதும் அவையும் போயின. இரண்டு இடத்திலும் பொத்தானில் எழுதியிருந்தது ஒரே சொல்தான்.

இதைத் தடுக்க ஏதாவது பூட்டை உடைத்தால்? நம் பதிப்புரிமைச் சட்டத்திலும் 2012 திருத்தத்தில் 65ஏ என்ற பிரிவு வந்துவிட்டது. உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை. சட்டம் தடுக்காத காரியத்துக்காக உடைப்பதற்கு விலக்கு உண்டு என்பது ஓர் ஆறுதல். ஆனால் சாமானியன் அந்த விலக்கை நம்பி ஸ்க்ரூ டிரைவரை எடுப்பானா என்பது சந்தேகமே.

காதுக்கு நல்ல ஒலி வேண்டும் என்று கூடுதல் பணம் கொடுப்பவர்களும் தப்பவில்லை. 2014-இல் இங்கிலாந்தின் மெரிடியன் நிறுவனம் எம்க்யூஏ என்ற வடிவத்தை அறிவித்தது. ஸ்டுடியோவில் ஒலித்தது அப்படியே வீட்டுக்கு வரும், கருவியில் ஒரு விளக்கு எரிந்து அதை உறுதி செய்யும் என்றார்கள். 2017-இல் டைடல் என்ற இசைச் சேவை அதை ஏற்றுக்கொண்டது. முழுப் பலனும் கிடைக்க உரிமம் பெற்ற தனிக் கருவி வேண்டும். பதிவு செய்பவர் முதல் கருவி செய்பவர் வரை எல்லோரும் ஒரே இடத்துக்குக் கப்பம் கட்டுகிறார்கள் என்று லின் என்ற ஒலிக்கருவி நிறுவனம் அப்போதே எதிர்த்தது. 2021-இல் ஒரு யூடியூபர் தானே செய்த சோதனை ஒலிகளை டைடலில் ஏற்றிப் பார்த்தார். திரும்பி வந்தது மூலத்தோடு ஒத்துப்போகவில்லை, ஆனாலும் விளக்கு எரிந்தது. 2023 ஏப்ரலில் எம்க்யூஏ நிறுவனம் நொடித்தது, 2024 ஜூலையில் டைடல் அந்த வடிவத்தையே கைவிட்டுத் திறந்த வடிவமான ஃபிளாக்குக்கு மாறியது.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? எம்பி3-இன் உரிமத் திட்டமே 2017-இல் முடிந்துவிட்டது. ஸ்பாட்டிஃபை வெகுநாளாகப் பயன்படுத்திவரும் ஆக் வோர்பிஸ், ஃபிரான்ஹோஃபர் 1998-இல் உரிமத் தொகை கேட்டுக் கடிதம் அனுப்பியபோது அதற்கு எதிராகப் பிறந்த திறந்த வடிவம். ஆக வடிவங்கள் ஏறக்குறைய விடுதலை ஆகிவிட்டன. ஆனால் மாதச் சந்தா கட்டி 'டவுன்லோட்' செய்த பாட்டு செயலியை விட்டு வெளியே வராது. உள்ளே எம்பி3, வெளியே பூட்டு என்ற வேர்ல்ட்ஸ்பேஸ் ஏற்பாடுதான் இப்போது செயற்கைக்கோள் இல்லாமல் கைப்பேசிக்குள் நடக்கிறது. கலிபோர்னியாவில் 2025-இல் அமலுக்கு வந்த ஒரு சட்டம், உரிமம் மட்டும் கொடுத்துவிட்டு 'வாங்குங்கள்' என்று பொத்தானில் எழுதினால், அது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது.

பழைய ரியல் கோப்புகள் என்ன ஆயின? அவற்றில் பரவலாக இருந்த குக் என்ற சுருக்குமுறையைத் தன்னார்வலர்கள் ஆராய்ந்து 2005-இல் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் சேர்த்துவிட்டார்கள். அதனால் 2001-இல் யாராவது வட்டில் பிடித்து வைத்த ரியல் கோப்பு இருந்தால் இன்று விஎல்சியில் தாராளமாகத் திறக்கும். சிக்கல் என்னவென்றால், அப்படிப் பிடித்து வைத்தவர்கள் மிகக் குறைவு.

கேசட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கொடையில் பதிவு செய்த வில்லுப்பாட்டுகள் சில இப்போது யூடியூபில் கிடைக்கின்றன. ஏற்றப்படாதவை பல வீட்டுப் பரணில் கிடக்கின்றன. பெல்ட் மாற்றிய ஒரு டேப் ரெக்கார்டர், ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஓர் ஒயர், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள், இவ்வளவுதான் வேண்டும். 60 நிமிடக் கேசட்டைக் கணினியில் ஏற்ற அதே 60 நிமிடம் ஆகும். சுருக்காமல் வைத்தால் சுமார் 635 எம்பி, ஃபிளாக்கில் ஏறக்குறைய அதில் பாதி. நாடாவில் பூஞ்சை பிடித்திருந்தால் மட்டும் அப்படியே ஓட விட வேண்டாம், தெரிந்த மெக்கானிக்கிடம் முதலில் காட்டுங்கள்.